பாக்கிச் சில்லறை

விஞ்ஞான் நகரில் மூன்று காப்பகங்கள்.
விடுப்பு முடிய ஒன்பது நாள்.
கேட்கவேண்டியதை ஆட்டோவிலேயே
சொல்லிப் பார்த்துக்கொண்டேன்:
அழுதால் தூக்குவார்களா,
யாரும் பார்க்காதபோதும்?

முதல் இடத்தில்
படிக்கட்டெல்லாம் ஈரத்துணி நாற்றம்.
செருப்பைக் கழற்றும் முன்பே
வேண்டாம் என்றாகிவிட்டது.
உள்ளே ஒரு பெண்
யார் பிள்ளைக்கோ முதுகு தட்டிக்கொண்டிருந்தாள்.
அதைப் பார்த்திருக்கிறேன் என்பது
இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

இரண்டாவதில் கேமரா.
ஆபீசிலிருந்தே போனில் பார்க்கலாமாம்.
பதினெட்டாயிரம்.
இவ்வளவு கேட்கிறார்கள், நல்ல இடமாகத்தான் இருக்கும்
என்று நினைத்தேன்.
லிப்ட் தரைக்கு வருவதற்குள்
இவ்வளவு கேட்கிறார்கள், ஏமாற்றுக்காரர்கள்
என்றும்.

மூன்றாவதில் சுவர் முழுக்க யானை,
தும்பிக்கையில் மஞ்சள் குடை.
தரையில் முகம் பார்க்கலாம்.
போனில் ஏழு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன்.
எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆயா என்பது நாலாவது.
யானைக்கு முன்னால் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

ஆயா ஆரோக்கியமேரி, தங்கவயல்காரி.
"வாடி கண்ணு" என்று கை நீட்டினாள்.
அவ்வளவுதான்.
தமிழ் பேசுகிறவள் பிள்ளையை அடிக்கமாட்டாள் என்று
எங்கே எழுதியிருக்கிறது?
எங்கள் வீட்டில் அடித்தவர்கள் எல்லாரும்
தமிழில்தான் அடித்தார்கள்.

நடத்துகிற சுகுணா மேடம்
மாதாமாதம் ஒழுங்காகப் பணம் வருமா என்பதை
என் செருப்பிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.
நல்லவேளை, புதுச் செருப்பு.

எதிர் மெடிக்கலில் டயபர் வாங்கினேன்.
நாலு ரூபாய் பாக்கிக்கு
நாலு மிட்டாய் எடுத்து வைத்தான்.
சில்லறையை எண்ணுவதுபோலவே எண்ணி
பையில் போட்டுக்கொண்டேன்.

முதல் நாள் சாயங்காலம் கேட்டேன்:
"எப்படி இருந்தா?"
"நல்லா சாப்ட்டாக்கா. கிண்ணத்த வழிச்சாச்சு."
பூவிழியின் கன்னத்தில் பாயின் கோடுகள்.
தூங்கியிருக்கிறாள்.
அழுதழுது தூங்கினாளா,
தூங்கி எழுந்து அழுதாளா,
அழவே இல்லையா,
விரலால் தடவிப் பார்த்தேன்.
கோடுகள்தான்.

ராத்திரி புனேயிலிருந்து தேவநாதன்:
"நல்ல எடந்தானா?"

வாயில் இருந்த மிட்டாயை
கன்னத்துப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு
"பக்கத்துலதான்" என்றேன்.
"நடந்தே போயிடலாம்."