பதின்மூன்று சென்ரிமீற்றர்

தையிட்டிக்குக் கிழக்கே எங்கள் ஏழாம் நிரல்.
முழங்கால் இரண்டும் செம்மண்ணில்.
கருவி சத்தமிட்டது,
மிதிவெடியின் குரலில் அல்ல.
மிதிவெடி சிணுங்கும். இது விக்கியது.

கண்ணில் விழுந்த தூசை எடுக்கிற மாதிரி
மண்ணை விலக்கினேன்.
இலந்தைக் கொட்டை அளவில் ஈயம்.
ஒரு பக்கம் சப்பை.
மறுபக்கத்தை வெயிலுக்குச் சரித்தால்
துணியின் ஊடும் பாவும்.

"சேலைக் கடைக்காரன்ரை குண்டடி" என்றாள் தர்மினி.
படிவத்தில் நான்கு கட்டங்கள்:
வகை, நாடு, ஆழம், நிலை.
ஆழத்தை மட்டும் எழுதினேன்.

படம் கொழும்புக்குப் போய்
அங்கிருந்து பென்சில்வேனியாவில் ஒரு சேகரிப்பாளருக்குப் போயிற்று.
மூன்று பக்கப் பதில்.
தேத்தண்ணி நேரத்தில் ரெஜினோல்ட் வாசித்துச் சொன்னான்.
சிலர் தங்கள் மாட்டைப் பற்றிப் பேசுவார்களே,
அந்த மனிதர் துவக்கைப் பற்றி அப்படி எழுதியிருந்தார்.

ஜேர்மனியிலிருந்து குடிபெயர்ந்த கொல்லர்கள்
தங்கள் ஊர்க் கட்டைத் துவக்கை
அந்தக் காட்டுக்கென்று நீட்டினார்களாம்.
ஆளின் நாடி உயரத்துக்குக் குழல், எட்டுப் பட்டை.
புலிவரி ஓடிய மேப்பிள் மரத்தில் பிடி.
பிடியின் வயிற்றில் பித்தளை மூடியிட்ட ஒரு செப்பு,
அதற்குள் கொழுப்பில் தோய்த்த துணித்துண்டுகள்.
குண்டு குழலைவிடச் சிறியது.
துணியைச் சுற்றித்தான் உள்ளே இறக்க வேண்டும்.

"குழலுக்குள்ளை பள்ளங்கள் முறுகி முறுகி ஓடுமாம்.
தமிழிலை என்னெண்டு சொல்லுறது?"
புரி, என்றேன்.
சங்கில் வலம்புரி, கயிற்றில் முப்புரி.
"புரியுது" என்றான், பகிடியாய்.

துணி புரியைக் கவ்வ, துணியைக் குண்டு கவ்வ,
சுழன்றபடி வெளியேறுமாம்.
வாசல் தாண்டியதும் துணி கழன்று விழும்,
குண்டு இருநூறு யார் போகும்.
மறுபடி நிரப்ப ஒரு நிமிடம்.
அந்த ஒரு நிமிடத்தில் மான் போய்விடும்,
சில வேளை சுட்டவனும்.

ஓர் இறாத்தல் ஈயத்தில் ஐம்பது குண்டு.
ஈயம் அருமையென்பதால்
மரத்தில் பட்டதைக் கத்தியால் தோண்டி
மறுபடி உருக்குவார்களாம்.
நானும் தோண்டுகிறவள்தானே,
இந்த இடத்தில் அவர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஒவ்வொரு துவக்குக்கும் தனி அச்சு.
ஒன்றின் குண்டு இன்னொன்றுக்குச் சேராது.
நான் பொறுக்கிய ரவைகள் அப்படியல்ல.
ஏழு தசம் ஆறு இரண்டு:
அவனுடையதை இவன் எடுத்து
இவனுடையதை அவன் எடுத்து
யார் துவக்கிலும் போட்டுச் சுடலாம்.
வாளி நிறையப் பொறுக்கியிருக்கிறேன்,
எது யாருடையதென்று இன்றுவரை சொல்லத் தெரியாது.

இது இங்கே வந்தது எப்படி?
எவருக்கும் தெரியாது. அதனால் நானே ஒன்று சொன்னேன்.
தெல்லிப்பழை மிசனில் பெல்லமி ஐயர் என்றொருவர்.
மதுவிலக்குப் பிரசங்கி, பாட்டன் விட்டுப்போன துவக்கோடு வந்தவர்.
வைகறையில், ஒருவரும் காணாமல்,
பனையில் கட்டிய கள்முட்டியைக் குறிவைக்கிறார்.
முட்டி தப்பிவிட்டது.
குண்டு வட்டுக்குக் கீழே வைரத்தில் புகுந்தது.
கத்தி இருந்தது, ஏறத் தெரியாது.
ஏறத் தெரிந்தவனைக் கேட்க வெட்கம்.

பிறகு பனை நூற்றுச்சொச்சம் வருசம் நின்றது.
பிறகு யாரோ பதுங்குகுழிக்கென்று தறித்தார்கள்.
பிறகு குற்றி உக்கி மண்ணாயிற்று.
ஈயம் உக்கவில்லை.
ஏதோ ஒரு பழஞ்சட்டையைக் கிழித்த துணி அது.
அதன் இழைகள் எண்ணலாம் போல் இருக்கின்றன.
கையுறையைக் கழற்றி ஒருமுறை தடவினேன்,
சட்டப்படி அது பிழை.

கடிதத்தின் கடைசி வரி: விலை பேசலாமா?
ரெஜினோல்ட் என்னைப் பார்த்தான்.
நான் படிவத்தைப் பார்த்தேன்.
வகை: ஈயக்குண்டு. நிலை: வெடிக்காது.
நாடு என்ற கட்டத்தில்
அமெரிக்கா என்று எழுதி வெட்டி,
பனை என்று எழுதி அதையும் வெட்டினேன்.

தேத்தண்ணி முடிந்தது.
தலைக்கவசம், முகத்தட்டு, எட்டாம் நிரல்.
கோலைப் பத்துச் சென்ரிமீற்றர் முன்னே நகர்த்தினேன்.
கருவி சிணுங்கிற்று.