ஆளுக்கு ஒன்று

நகராட்சி அறிவித்திருக்கிறது:
பேய்களுக்கு ஆறு மணி முதல் எட்டு மணி வரை அனுமதி.
பன்னிரண்டு வயது தாண்டிய பேய்கள்
வீட்டிலேயே இருக்கவும்.

ஈரி ஏரிக்கரையில் எங்கள் தெரு.
நான்கு பை மிட்டாய் வாங்கினேன்.
போன வருடம் மூன்று பை மிஞ்சி
ஜனவரி வரை நானே தின்று தீர்த்தேன்.
பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறவள்,
வெளியே சொல்லவில்லை.

ஏழே காலுக்குள் வந்தவர்கள் ஒன்பது பேர்.
ஒரு டைனோசர்,
அதன் வாலைத் தூக்கிக்கொண்டு அதன் அப்பா.
இரண்டு சூனியக்காரிகள், ஒருத்திக்குச் சளி.
மற்ற ஆறு பேரும் குளிர்கோட்டுக்குள்.
"நீ என்ன?" என்று கேட்டால்
ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினார்கள்:
தேனீயின் மஞ்சள் வரி,
எலும்புக்கூட்டின் ஒற்றை விலா.

எதிர்வீட்டு வெண்டெல்
வாசலில் கிண்ணம் வைத்து
'ஆளுக்கு ஒன்று' என்று எழுதி ஒட்டிவிட்டு
உள்ளே மேட்ச் பார்க்கிறான்.
அழைப்புமணியில் கேமரா இருக்கிறது.
முதலில் வந்தவனே மொத்தத்தையும் பைக்குள் கவிழ்த்து
கேமராவுக்குக் கையும் காட்டிப் போனான்.

மற்ற பிள்ளைகளெல்லாம் சனிக்கிழமையே
தேவாலயத்துக் கார் நிறுத்துமிடத்தில்
முடித்துவிட்டார்கள்.
வரிசையாகத் திறந்த டிக்கிகள்,
டிக்கிக்குள் பஞ்சுச் சிலந்திவலை, தெர்மோகோல் கல்லறை.
இருபது நிமிடம். பட்டப்பகல்.
கதவைத் தட்ட வேண்டாம்,
எந்த முகம் திறக்குமோ என்று
மூச்சைப் பிடிக்க வேண்டாம்.
குறைதான் சொல்கிறேன். ஆனால்
ரோரிக்கு ஐந்து வயதில்
நானும் அங்கேதான் கூட்டிப்போனேன்.
அவனுக்குப் பிடித்திருந்தது.
எனக்கும்தான், ஷூவில் சேறு படவில்லை.

எண்பத்திரண்டில் எனக்கு எட்டு வயது.
பிளாஸ்டிக் முகமூடிக்குள்
என் மூச்சே என் மூக்கை நனைக்கும்.
மூலைவீட்டு வுகோவிச் ஆப்பிள்தான் கொடுப்பார்,
சட்டையில் துடைத்துத் துடைத்து.
அந்த வருடம் அம்மா அதை
எட்டுத் துண்டாக நறுக்கிப் பார்த்தாள்.
ஒன்றும் இல்லை. விதைதான்.
இருந்தும் குப்பையில் போட்டாள்.
அரண்டவள் கண்ணுக்கு
ஆப்பிளெல்லாம் பிளேடு.

அடுத்த வருடம் அவர் வீட்டைத் தாண்டிப் போனோம்.
வாசல் விளக்கு எரிந்தது.
அவர் நின்றிருந்தாரா, ஞாபகமில்லை.
என் ஞாபகத்தில் மட்டும்
ஒவ்வொரு வருடமும் நிற்கிறார்.

எட்டு நாற்பது.
விளக்கணைக்க எழுந்தபோது மணி அடித்தது.
ஆறடிப் பையன், மீசை அரும்பியிருந்தது.
பர்கர் கடைச் சட்டை,
நெஞ்சில் 'டெஸ்மண்ட்' என்ற பட்டை,
எண்ணெய் வாடை.
கையில் தலையணை உறை.

"என்ன வேஷம் இது?"
"வேலை முடிஞ்சு வந்தவன்."
"தம்பி தங்கச்சிக்கா?"
"இல்ல. எனக்குத்தான்."
பொய் சொல்லியிருக்கலாம்.
நான் நம்பியிருப்பேன்.

கதவுச் சங்கிலியின் இடைவெளியில்
ஒன்றே ஒன்றை நீட்டினேன்.
நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான்.
சாத்திய பிறகுதான் பார்த்தேன்,
என் கை அம்மாவின் கைபோலவே இருந்தது.

சங்கிலியைக் கழற்றித் திறந்தேன்.
அவன் கடைசிப் படியில் இருந்தான்.
"ஏய்," என்றேன். வேறென்ன சொல்வது.
கிண்ணத்தை அப்படியே நீட்டினேன்.
ஆறடி குனிந்து, அவசரமே இல்லாமல்,
அடிவரை கிளறி
வேர்க்கடலை போட்டதாக மூன்று பொறுக்கினான்.

பிறகு தெருவைக் கடந்து
வெண்டெலின் வெற்றுக் கிண்ணத்தின் முன் நின்றான்.
எழுதியிருந்ததைப் படித்தான்.
தனியாகச் சிரித்தான், சத்தம் கேட்டது.

மணி எட்டு ஐம்பது.
ஏரிப் பக்கமிருந்து பனித்தூறல்.
விளக்கை அணைத்தேன்.
விரலை மட்டும்
சுவிட்சிலிருந்து எடுக்கவில்லை.