மைனஸ் நாற்பதில் துணி காயும் விதம்

யாகுட்ஸ்க்கில் துணி காய
வெயில் எதற்கு?
கடைசி அலசலில் ஒரு கை உப்பு போடு,
கொடியோடு ஒட்டாது.
கிளிப்புகளை முதல் நாள் இரவே
பால்கனியில் வைத்துவிடு,
வீட்டுச் சூட்டோடு போனால் துணியைக் கவ்விப்பிடித்து
விடவே விடாது, கடன்காரன் மாதிரி.

ஒரு சட்டை விறைக்க நான்கே நிமிடம்.
கஞ்சி காட்டாமலே மொடமொடவென்று
கையை விரித்து நிற்கும்.
இரண்டு நாள் அப்படியே விடு.
பனிக்கட்டி தண்ணீராகாமலே
எங்கோ போய்விடும்,
போன வழி தெரியாது.
மிச்சத்தைக் கம்பளம் அடிக்கும் மட்டையால்
நாலு சாத்து சாத்து, தூளாய்ப் பறக்கும்.

சூப்பை அரை மணி வெளியே வை.
கொழுப்பு மூடி கட்டும்,
விரலால் நெம்பி எடுத்து எறி.
பாலைக் கிண்ணங்களில் ஊற்றி
நடுவில் ஒரு குச்சி நட்டு வை.
காலையில் வெள்ளை வட்டுகள்.
தேநீருக்கு ஒன்றை உடைத்தால் போதும்.
அடிப்பிடித்த கஞ்சிச் சட்டியா? தேய்க்காதே.
தண்ணீர் ஊற்றிக் குளிரில் தள்ளு,
தீய்ந்தது ஓடாய்க் கழன்று வரும்.
ஞாயிற்றுக்கிழமை நானூறு பெல்மெனி பிடித்துப்
பலகையில் பரப்பினால்
இருட்டுவதற்குள் கோலிக்குண்டு.
மண்வாரியால் அள்ளிக் கோணியில் கட்டு.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்றால்
எனக்குக் குளிர்
சம்பளம் கேட்காத வேலைக்காரி.

மூன்றாம் மாடி தெமித், சோச்சிக்காரன்,
கடலோரத்துச் சோம்பலோடு
ஒரு துணி உலர்த்தும் மெஷினும் கொண்டுவந்தான்.
அதை ஓட்டும்போதெல்லாம் ஃப்யூஸ் போகும்.
இருட்டில் ஐந்தாம் மாடி மத்ர்யோனா
அவன் பரம்பரையையே இழுப்பாள்.
பொறுக்காமல்தான் இதையெல்லாம் சொன்னேன்,
உப்பிலிருந்து மட்டை வரை.

அப்படி ஒரு ஃப்யூஸ் போன மாலையில்தான்
சூடேற்றும் அலுவலகத்து அஃபனாசி
பாக்கி வசூலுக்கு வந்தான்.
என் தடித்த கால்சட்டை
நடையில் சுவரோரம்
தானாக நின்றுகொண்டிருந்தது.
"வணக்கம் ஐயா, மூன்று மாதம் ஆயிற்று" என்றான்
அந்த மங்கலில், மிகுந்த மரியாதையோடு.
கால்சட்டை யோசித்தது.
வலது முழங்கால் மெல்ல மடங்கியது,
பிறகு இடது.
மண்டியிட்டு, அவன் பூட்ஸ் மேல்
நெடுஞ்சாண்கிடையாய் விழுந்தது.
அடுத்த மாதம்வரை அவகாசம் கொடுத்துவிட்டுப் போனான்.
யாருக்குக் கொடுத்தான்
என்பது இன்றுவரை புரியவில்லை.

ஒன்றை மட்டும் தெமித்திடம்
இரண்டு முறை சொல்லியிருக்க வேண்டும்:
விறைத்ததை மடிக்காதே.
மாடிப்படி குறுகல், அவனுக்கு அவசரம்.
ஜீன்ஸைக் கக்கத்தில் இடுக்க
முழங்காலை மடக்கினான்.
படக்.

"நர்யானா" என்று கதவைத் தட்டினான்,
அடிபட்ட பறவையை ஏந்துவதுபோல்
ஒரு பலகையை ஏந்திக்கொண்டு.
சிரிப்பை அடக்கப் பார்த்தேன்.
எனக்கு இரவு ஷிப்ட்,
கொதிகலன் காத்திருக்கிறது,
தைப்பதற்குக் குறுக்கு வழி தெரியாது என்றேன்.

தனக்குத் தெரியும் என்றான்.
ஸ்டேப்ளர்.
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை,
பதினோரு பின்கள், வரிசையாக, அழகாகவே.
உன் குளிர் இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறதே
என்று வேறு கேட்டான்.

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து வருகிறேன்.
மூடுபனிக்குள் பஸ் நிறுத்தம்.
எல்லோரும் அசையாமல் நிற்க
ஒருவன் மட்டும் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு
முழங்காலைப் பரபரவென்று தேய்க்கிறான்.

கிளிப்பைப் பற்றிச் சொன்னேன்,
உப்பைப் பற்றிச் சொன்னேன்.
இரும்பைப் பற்றி
அவன் கேட்கவில்லை.