எத்தனை என்று கேட்டவள்

சிலோயே தீவுக்கூட்டத்தில் எங்கள் தீவு
வரைபடத்தின் மேல் ஒரு ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகும்.
சிப்பி ஆலையில் தட்டு எண்ணுவது என் வேலை.
ஷிஃப்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு.
தூக்கத்திலும் தப்பாது.

ஒன்பது வாரம், நாலு நாள்.
அதையும் எண்ணி வைத்திருந்தேன்.
தெரிந்த அன்றே கழிந்த நாட்களையும் சேர்த்துக்கொண்டு
குளிர் அறைக் கதவின் பின்பக்கம்
மார்க்கர் பேனாவால் அறுபத்தேழு கோடுகள்.
எலியேசருக்குக்கூடத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை, தேநீர் இடைவேளையில்
ஒரு துளி. காப்பிக் கறை நிறம்.

எனக்கும்தான் வந்தது, மூன்று பெற்றேனே
என்றாள் ஒர்மெசிந்தா.
தட்டைத் தூக்கியிருப்பாய், என்றான் மேற்பார்வையாளன்.
படகுத்துறையில் வழுக்கினாயே, என்றார் மாமியார்,
சனிக்கிழமை என் மகனோடு போட்ட சண்டை வேறு.
மீன் சந்தையில் எல்லார் கையிலும் கத்தி இருப்பதுபோல்
எல்லாரிடமும் ஒரு காரணம் இருந்தது.

இரவு பதினொன்று. கறை சிவப்பானது.
ஈரத்துணியைப் பிழிவதுபோல் யாரோ
அடிவயிற்றை முறுக்கினார்கள்.
காலையில் பார்க்கலாம் என்றேன்.
எங்கள் தீவில் எதையும் காலையில்தான் பார்ப்பார்கள்.
அவன் கேட்கவில்லை. பேறுகாலச் செவிலி நோல்ஃபாவை அழைத்துப்
போனை என் காதில் வைத்தான்.

அடப்பாவமே என்று அவள் சொல்லவில்லை.
எத்தனை நாப்கின்? என்றாள்.
முழுசாக நனைந்ததா, பாதியா?
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு நேரம்?
வலி நடுவிலா, ஒரு பக்கமாகவா?
காய்ச்சல் உண்டா?
தோள்பட்டை நுனியில் வலிக்கிறதா?

தோளா! அந்த வலியிலும் சிரித்துவிட்டேன்.
குழாயில் தங்கிய கரு வெடித்தால்
உள்ளே கசியும் ரத்தம்
தோளில் வந்து பேசுமாம். பிறகு சொன்னாள்.

எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில்
என் உடம்பை ஒருத்தி கேட்டது அதுவே முதல்முறை.
ஒரு மணி நேரத்தில் இரண்டு, என்றேன். இரண்டும் முழுசாக.
எழுந்து நின்றால் சுவர் நகர்கிறது.

மணிக்கு ஒன்று வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தாலே
கிளம்ப வேண்டும். நீ அதையும் தாண்டிவிட்டாய்.
விடியட்டும் என்று இருக்காதே. நடக்காதே. படகைக் கூப்பிடு.

வென்ச்சூரின் படகில் டீசல் வாடை.
உயிர்காப்பு அங்கிகளைப் பரப்பி என்னைக் கிடத்தினார்கள்.
பக்கவாட்டில் அடித்தது மழை.
எலியேசர் என் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு
கரை விளக்குகளை எனக்காக எண்ணிக்கொண்டே வந்தான்,
தப்புத் தப்பாக.

காஸ்ட்ரோ மருத்துவமனையில் ஒரு ஊசி, ஒரு பை உப்புநீர்.
இளம் டாக்டர் ஸ்கேன் திரையை முதலில் தன் பக்கம் திருப்பினாள்.
பிறகு என் பக்கம்.
துடிக்க வேண்டியது துடிக்கவில்லை.

தட்டு, வழுக்கல், சண்டை
எல்லாவற்றையும் ஒப்புவித்தேன், குற்றவாளிபோல.
அவற்றில் எதுவுமே இல்லை, என்றாள்.
இத்தனை சீக்கிரம் போனால் பெரும்பாலும்
கரு உருவாகும்போதே நேர்ந்த பிழை.
குரோமோசோம் ஒன்று கூடியிருக்கும், அல்லது குறைந்திருக்கும்.

எண்ணிக்கைப் பிழை.
யாரும் எண்ணப் போக முடியாத இடத்தில்.
அப்போதுதான் அழுதேன்.

என் ரத்தம் நெகட்டிவ் வகையாம்,
இனி ஒன்று தங்கினால் அதற்கு ஆபத்து வராமலிருக்க இன்னோர் ஊசி.
காய்ச்சல் வந்தால், நாற்றம் வந்தால், ரத்தம் மறுபடி கூடினால்
உடனே வா என்று எழுதிய தாள்.
அதை இன்னும் வைத்திருக்கிறேன்.
வேறெதுவும் தரவில்லை அவர்கள். தர இருக்கவுமில்லை.

கோடுகளை நான் அழிக்கவில்லை.
அறுபத்தெட்டாவது போடவுமில்லை.

ஆகஸ்டில், புதிதாக வந்த யனீரா
கழுவும் தொட்டியருகே என் கையைப் பிடித்தாள்.
அக்கா, ஒரு துளி.
ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வந்தது.
எத்தனை? என்றேன்.
அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு
நோல்ஃபாவின் எண்ணை அழுத்தினேன்.
மணி அடித்துக்கொண்டிருந்தது.