கழிவு போக

துறைமுக எடைமேடையில் எனக்குப் பதினொரு வருடம்.
லாரியோடு மீனை எடை போட்டு,
லாரியைக் கழித்து, தொட்டியைக் கழித்து,
பனிக்கட்டிக்கு நூற்றுக்கு மூன்று கழித்து,
நிகரம் இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திடுவேன்.
ஐஸ்லாந்தின் இந்த வடமேற்கு மூலையில்
என் எண்ணை
எந்தப் படகுக்காரனும் மறுத்துப் பேசியதில்லை.

மகள் பிறந்தபோது மூவாயிரத்து நானூற்று இருபது.
ஐந்தாம் நாள் மூவாயிரத்து நூற்றுப் பத்து.

"எல்லாப் பிள்ளைகளும் முதலில் கொஞ்சம் இறங்கும்"
என்றாள் செவிலி தோர்கத்லா,
வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.
முந்நூற்றுப் பத்து கிராம்.
ஒரு நல்ல ஹெர்ரிங் மீன்.
எங்கள் வீட்டிலிருந்து ஒரு மீன் காணாமல் போயிருக்கிறது,
யாரும் அலறக் காணோம்.

சூப் கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஸ்தெய்ன்வோர்
தொட்டிலை எட்டிப் பார்த்து
"கன்னம் இன்னும் வரலையே" என்றாள்.
சூப் அப்படியே ஆறியது.

மருந்துக்கடையில் வாடகைக்கு ஒரு தராசு எடுத்தோம்.
பால் குடிக்குமுன் ஒரு தரம், குடித்தபின் ஒரு தரம்.
எய்தீஸ் சட்டைப் பொத்தானைப் போடாமலே
என் தோளுக்கு மேலாக எண்ணைப் பார்ப்பாள்.
பதினெட்டு. சில வேளை இருபத்திரண்டு.
ஒரு தரம், நாலு குறைந்திருந்தது.
குடித்த பிள்ளை எப்படிக் குறையும் என்று
விடிகாலை மூன்று மணிக்குச் சண்டை:
போன தரம் காலுறை இருந்ததா, இல்லையா?
காலுறையைத் தனியாக எடை போட்டேன்.
ஜோடி பதினாலு கிராம்.
அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை,
ஆறு மணி வரை.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள்.
ஈரத்துணிக்கு ஒரு கோடு, மஞ்சளுக்கு ஒரு புள்ளி.
பெயர் எழுதும் இடத்தில் 'பெண்' என்று மட்டும்.
இங்கே பிள்ளைக்கு அவசரப்பட்டுப் பெயர் வைப்பதில்லை,
மாதக்கணக்கில் பொறுப்பார்கள்.
நாங்கள் பொறுத்தது அதற்காக இல்லை.
தேறட்டும் என்று இருந்தோம்.
இதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

பன்னிரண்டாம் இரவு, எய்தீஸ் தூங்கட்டும் என்று
பிள்ளையை மேலங்கிக்குள் கட்டிக்கொண்டு இறங்கினேன்.
பனிப்புயல் ஓய்ந்திருந்தது. துறையில் ஈ காக்கை இல்லை.
சாவி என்னிடம்தான் இருக்கிறது.
ஏன் போனாய் என்று கேட்காதீர்கள்.
என் தராசு எனக்குப் பொய் சொல்லாது என்று
நினைத்திருப்பேன்.

அறுபது டன் தாங்கும் மேடை.
இருபது கிலோவுக்குக் கீழே அதற்கு எண்ணத் தெரியாது.
அவளோடு நடுவில் நின்றேன்: எண்பது.
அவளை அறைக்குள் மீன்பெட்டியில், என் கம்பளிச் சட்டை மேல்
கிடத்திவிட்டுத் தனியாக நின்றேன்: எண்பது.

வயிறு கலங்கியது.
மறுபடி தூக்கிவந்தேன். மறுபடி எண்பது.
பதினொரு வருடத்தில்
எத்தனை மூவாயிரத்து நூறுகளை
இது பார்க்காமல் விட்டிருக்கும்,
நானும் கீழே கையெழுத்திட்டிருப்பேன்.

அப்போது விழித்துக்கொண்டு
பசியில் கத்தினாள் பாருங்கள்,
தகரக் கூரை அதிர்ந்தது.
கட்டிக் கிடந்த படகு ஒன்றில் விளக்கெரிந்தது.
ஓட்டமும் நடையுமாக வீடு வந்தேன்.

எய்தீஸ் வாசலில் நின்றிருந்தாள்,
ஒரு காலில் மட்டும் செருப்போடு.
எங்கே என்று கேட்கவில்லை. கையை நீட்டி வாங்கி
நின்றபடியே கொடுத்தாள்.
தராசை யாரும் எடுக்கவில்லை.
விழுங்கும் சத்தம் கேட்டது, மடக் மடக் என்று.
எண்ணாமல் இருக்கத்தான் பார்த்தேன்.
முப்பத்தேழு.

வியாழக்கிழமை தோர்கத்லா வந்தாள்.
தட்டில் கிடத்தியதும் பிள்ளை மூத்திரம் பெய்தாள்.
மூவாயிரத்து இருநூற்று அறுபது, ஈரத்தோடு.
"ஈரத்தைக் கழிக்கணுமா?" என்றாள் என்னைப் பார்த்து.
என் வேலை ஊருக்கே தெரியும்.
"வேண்டாம், அதுவும் அவளுடையது" என்றேன்.

பிறந்த எடைக்கு இன்னும் நூற்று அறுபது பாக்கி.
திங்கள்கிழமை மறுபடி வருவாள்.
அவள் போனபின்
'பெண்' என்பதை அடித்துவிட்டு எய்தீஸ்
பக்கத்தில் சின்னதாக ஒரு பெயர் எழுதினாள்,
பென்சிலில்.