பதினாலாம் எண்

காலை எட்டே முக்காலுக்குள் கூடம் நிறைந்துவிடும்.
யூட்டாவின் தெற்கோரம். ஜனவரி. பனி ஒட்டிய காலணிகள்.
பிங்கோ கூண்டு தேவாலயத்தில் இரவல் வாங்கியது,
பன்னிரண்டு வருடமாகத் திருப்பிக் கொடுக்கவில்லை.
கைப்பிடியைச் சுற்றுவது நான், வெர்லா ஸ்டவுட்.
சுற்றுவதற்கல்ல சம்பளம்,
சுற்றி முடித்தபின் முகங்களைப் பார்ப்பதற்கு.

ஒரு நாளைக்குப் பத்துப் பேர்.
இன்று வந்திருப்பவர்கள் நூற்று ஆறு.

அந்தச் சரிவில்
செங்கல் நிறமும் மோர் நிறமும் மாறிமாறிச் சுருளும்.
விரல் கனத்தில் நிற்கும் விளிம்புகள்.
மிதித்தால் அப்பளச் சத்தம்.
நொறுங்கியதை ஒட்டவைக்க அரசாங்கத்தில் இலாகா இல்லை.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள்.
எறும்பு ஊரட்டும், அதற்குச் சீட்டு வேண்டாம்.
எங்கள் கவலை பத்தாம் எண் காலணி.

"மலைக்குக் கதவு போட நீ யார்?"
கதவில்லை ஐயா, வேலிகூட இல்லை, ஒரு தாள்தான்.
அது இல்லாமல் போனால் லாமர் வழிமறிப்பான்.
லாமர் பையூட் இனத்தவன்.
உன் ஆட்கள் சீட்டெடுத்தா போனார்கள் என்று
ஒருமுறை கேட்டுவிட்டேன்.
"படமெடுக்கவும் போகவில்லை" என்றான்,
ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

ஓட்மார் கிளிங்கே, டிரெஸ்டனில் வெல்டர்.
ஒன்பது ஜனவரிகள்,
ஒவ்வொன்றிலும் ஐந்து காலைகள்.
ஹீட்டர் பக்கத்துத் தூண்தான் அவர் இடம்.
முணுமுணுத்ததில்லை, அடுத்த நகரத்து எம்.எல்.ஏ.வைத்
தெரியும் என்று சொன்னதில்லை.
எனக்கு மட்டும் ஒரு பொட்டலம் பாதாம் மிட்டாய்,
அதுவும் லஞ்சமாகிவிடுமோ என்று
குலுக்கல் முடிந்தபிறகே தருவார்.

ஒரு வியாழன்.
ஒன்பது எண்கள் போய்விட்டன.
பத்தாவதாக உருண்டு வந்தது
ஓரம் உடைந்த பதினாலு.

அவருடையது. காலையில் நானே எழுதித் தந்தது.

பதினாலு, என்றேன்.
தூணருகே அவர் நின்றுகொண்டிருந்தார்.
கை சட்டைப்பைக்குள்.
பதினாலு.
ஜன்னலில் எதையோ பார்த்தார்.
அங்கே வண்டி நிறுத்துமிடம்தான் இருந்தது.

இரண்டு முறை கூப்பிடுவது விதி.
நான் நான்கு முறை கூப்பிட்டேன்.
ஆளில்லையென்றால் வேறு எண் எடுப்பதும் விதி.
ஒஹாயோவிலிருந்து வந்த தேனிலவுத் தம்பதி
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.
கூண்டை மூடினேன். முடிந்தது, என்றேன்.
பன்னிரண்டு வருடத்தில் நான் செய்த ஒரே திருட்டு அது.
அன்று பாறை மேல் ஒன்பது பேர்.

கூடம் காலியானபின் மிட்டாயோடு வந்தார்.
"முட்டி சரியில்லை."
தூணிலிருந்து மேசைவரை
ஒழுங்காகத்தான் நடந்து வந்திருந்தார்.

"நீங்கள் போயிருக்கிறீர்களா?"

ஊழியர்கள் போகக் கூடாது, என்றேன்.

அப்படி ஒரு விதி எந்தத் தாளிலும் இல்லை.
அவர் தலையசைத்தார்.
இருவரும் ஆளுக்கொரு மிட்டாயைப் பிரித்தோம்.
வெளியே லாமர்
வண்டியைச் சூடேற்றிக்கொண்டிருந்தான்.