எண் அல்ல

இரவு ஒரு மணிக்கு எங்கள் தெருவுக்குக் கரண்டு வரும்.
வந்த நொடியில் ஐந்து மாடியும் எழுந்துகொள்ளும்.
தண்ணீர் மோட்டார்கள் ஒன்றையொன்று அதட்டும்,
யாரோ நாளைக்கான சோற்றை இப்போதே வடிப்பார்கள்,
யாரோ லோஞ்சிக்கு இஸ்திரி போடுவார்கள்.
நான் மடிக்கணினியைத் திறப்பேன்.
ஐந்து மணிக்குக் கரண்டு போகும்வரை
நான் நிரல் எழுதுகிறவள்.

மற்ற நேரமெல்லாம் பயின்னவுங் சந்தையில் ஒரு பருப்பு மண்டி.
உளுந்துக்கும் துவரைக்கும் நடுவே ஒரு மேசை,
மேசைமேல் நீல நோட்டு.
நோட்டில் எழுதுவது முதலாளி, ரசீது கிழிப்பது நான்.
மூட்டை தூக்குகிறவர்களுக்கு நான் மா கின் வே.
வடிவாம்பாள் என்று கூப்பிட
ரங்கூனில் இப்போது நான்கு பேர் இருக்கிறார்கள்,
அதில் ஒருவர் பல் மருத்துவர்.

முதல் வாரம் ஒரு பொத்தான் செய்தேன்.
அழுத்தினால் எதுவும் நடக்காது.
இருபது தடவை அழுத்தினேன்.

அடுத்த பாடம் சர்வர்.
எனக்குத் தெரிந்த சர்வர்
தெருமுனை டீக்கடையில் எட்டுத் தட்டு ஏந்தி ஓடும் பையன்;
உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் விட்டால் திரும்புவான்.
பாடம் சொன்னதும் அவனைத்தான் என்று
புரிய மூன்று இரவு ஆனது.
நாம் கேட்பது கோரிக்கை, அவன் கொண்டுவருவது பதில்.
சமோசா தீர்ந்துவிட்டால் நானூற்று நான்கு.
அடுப்பே கவிழ்ந்துவிட்டால் ஐந்நூறு.

நோட்டுக்குப் பதிலாக ஒரு பக்கம்,
அவ்வளவுதான் ஆசை.
எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது, எத்தனை வீசை.
ஆறாவது வாரம் அது எழுந்து நின்றது,
என் கணினிக்குள் மட்டும்,
வீட்டுக்குள்ளேயே நடை பழகும் பிள்ளை மாதிரி.

ஒரு மதியம் அதை மண்டிக்கே தூக்கிப்போய்
எடைபோடும் கோ தெய்ன் ஸோவிடம் நீட்டினேன்.
விசைகளைப் பர்மியத்துக்கு மாற்றச் சொன்னார்.
ஒற்றை விரலால், பர்மிய எண்ணில், பன்னிரண்டு.
மொத்தம் என்ற கட்டத்தில்
மூன்று ஆங்கில எழுத்துகள் வந்து உட்கார்ந்தன.
எண் அல்ல என்பதன் சுருக்கமாம்.
எழுத்துக்கூட்டினால், நான்.

பன்னிரண்டு மூட்டையையும் கண்ணால் கண்ட மனிதர்
சிரித்துவிட்டுத் தராசுக்குத் திரும்பிவிட்டார்.

அன்றிரவு வம்புக்கென்றே தமிழ் எண்ணும் கொடுத்துப் பார்த்தேன்,
௧௨ என்று, எங்கோ காலண்டரில் பார்த்த ஞாபகத்தில்.
அதற்கும் நான்.
ஒரு கட்டத்தில் புகுந்தால் போதும்,
கூட்டலில் கீழே வருவதெல்லாம் அதுவாகிவிடுகிறது.
நான், நான், நான், பக்கம் முழுக்க.

பத்து எண்ணுக்குப் பத்து எண் என்று
ஒரு சின்ன அட்டவணை எழுதினேன்.
ஏழை இரண்டு முறை எழுதி, எட்டை மறந்து,
ஒரு மணிநேரம் அதைத் தேடினேன்.
மோட்டார்கள் ஓய்ந்த மூன்று மணிக்கு
பர்மியப் பன்னிரண்டும் என் பன்னிரண்டும்
ஒரே பன்னிரண்டு ஆயின.
கத்த முடியாது, தட்டிக்கு அந்தப்பக்கம் அண்ணன் குடும்பம்.
கால்விரல்களை மட்டும் ஆட்டிக்கொண்டேன்.

பிறகு ஆசை தாங்காமல்
கைபேசியில் படம்பிடித்து வைத்திருந்த நோட்டுப் பக்கங்களை,
இந்த மாதம் முழுவதையும், உள்ளே தட்டினேன்.
உளுந்து. கையிருப்பு: கழித்தல் மூன்று மூட்டை.

நிரலை மேலிருந்து கீழாகப் படித்தேன்.
கீழிருந்து மேலாகப் படித்தேன்.
ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டேன். கழித்தல் மூன்று.
என் வரிகளில் பிழை இருந்தால் பரவாயில்லை,
நான் புதியவள், திருத்திவிடலாம்.
இல்லாவிட்டால்?

சரியாக ஐந்து. கரண்டு போனது.
திரை மட்டும் பேட்டரியில் நின்று
அதே மூன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது.
முதல் பஸ் ஐந்தரைக்கு.
மண்டிச் சாவி ஒன்று என்னிடமும் இருக்கிறது.
இருட்டில் செருப்பைத் துழாவினேன்.
மூட்டைகளை
நானே எண்ண வேண்டும்.